பதின்மூன்று நீல வாளிகள்

என் பெயர் வெர்னா பிலார்ஸ்கி. வயது ஐம்பத்தெட்டு. பென்சில்வேனியா மாநிலம் ஈரி நகரம், செர்ரி தெரு 1418ஆம் எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இறந்துபோன ஓரின் டீஸ்டேல் எனக்கு உறவினர் அல்ல. அவரை ஆறு ஆண்டுகளாகத் தெரியும். நேரில் பார்த்தது இரண்டே முறை.

இன்று 2024 மார்ச் 18ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு நான் வேலையில் இருந்தபோது துப்பறியும் அதிகாரி ஹ்ருஸ்கா போனில் அழைத்தார். ஓரின் டீஸ்டேல் அவருடைய வீட்டு நிலவறையில் சனிக்கிழமை சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார் என்றும், இறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கலாம் என்றும் சொன்னார். நான், "இருக்காதுங்க. இன்னிக்குக் காலைல ஏழு மணிக்குக்கூட வாளி வச்சாரே" என்றேன். அவர், "அதப் பத்தித்தான் மேடம் கேக்கணும். கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வாங்க" என்றார். அப்போது ஒரு நோயாளிக்கு அடுத்த முறை வரவேண்டிய தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அட்டை இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அந்த நோயாளியிடம் எதைக் கொடுத்தனுப்பினேன் என்று தெரியவில்லை.

வாளி என்றால் என்ன என்று அதிகாரி கேட்பதால் சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு நான் இந்த வீட்டை வாங்கினேன். 1911இல் கட்டியது. குடிவந்த முதல் மழையில் படுக்கைக்கு மேலேயே ஒழுகியது. தரை துடைக்கும் நீல வாளியைக் கட்டில்மேல் வைத்துப் படம் எடுத்து, "வீடு வாங்கியாச்சு" என்று எழுதி இணையத்தில் போட்டேன். அந்த வாரமே நாற்பது பேர் தங்கள் வீட்டு வாளியைப் படம்பிடித்து அனுப்பினார்கள். அப்படித்தான் 'ஒழுகும் கூரை' என்ற எங்கள் குழு உண்டானது. பழைய வீட்டை வாங்கிவிட்டுத் தாங்களே ஏணி வைத்துச் சரிசெய்துகொண்டு அவதிப்படுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். இன்றைக்கு இருநூற்று நாற்பது பேர்.

நீல வாளிதான் எங்கள் அடையாளம். காரின் கண்ணாடியில் அதன் படம் ஒட்டியிருக்கும். வாசலில் கைப்பிடி அளவுக்கு ஒரு சின்ன வாளி தொங்கும். இரும்புக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் என் காரில் ஒட்டியிருந்த வாளிப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் வண்டிமேல் கட்டியிருந்த ஏணியையே கழற்றிக் கொடுத்திருக்கிறார். போன வருடம் ஒருவர் வாளி அசிங்கமாக இருக்கிறது, அழகான வீட்டுப் படமாக மாற்றலாம் என்றார். மூன்று வாரம் சண்டை நடந்தது. என் விவாகரத்தில்கூட நான் அவ்வளவு கத்தியதில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்வதைவிட, "அவரும் வாளிதான்" என்று சொல்வதே அதிகம்.

தினமும் காலை ஏழு மணிக்குள் ஒவ்வொருவரும் குழுவில் ஒரு நீல வாளிச் சின்னம் வைக்க வேண்டும். கூரையும் நிற்கிறது, நானும் நிற்கிறேன் என்று அதற்குப் பொருள். வாளி வைத்தவரிடம் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. வைக்காதவருடைய பெயர் சாம்பல் நிறமாகிவிடும். மறுபடி நீலமாக நூறு நாள் ஆகும். வாளி தொங்கும் வீட்டைக் கடந்து போனால் இரண்டு முறை ஹாரன் அடிப்போம். உள்ளே போய்த் தொந்தரவு செய்யமாட்டோம். இந்த விதிகளை எல்லாம் எழுதியவளும், குழுவின் இணையப் பக்கத்தை நடத்துகிறவளும் நான்தான்.

கடந்த டிசம்பரில் ஓரின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போய் ஒரு நாள் வாளி வைக்கத் தவறினார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று, தனி ஆள். ஏழரை மணிக்குள் பத்தொன்பது பேர் அவருக்குப் போன் செய்தார்கள். ஒருவர், "என்னய்யா, கூரை தலைல விழுந்துடுச்சா?" என்று எழுதினார். இன்னொருவர் நாற்பது மைல் காரில் வந்து கதவைத் தட்டினார். மறுநாள் ஓரின் என்னை அழைத்து, "வெர்னா, அஞ்சு வருசம் நீலமா இருந்தேன். இப்போ என் பேரப் பாத்தா எனக்கே யாரோ மாதிரி இருக்கு. முகமே போச்சும்மா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதன் பிறகு நான் அவருடைய பெயரை நீலமாக்கினேன். என் வீட்டுக் கணினியில் ஒரு சின்ன ஏற்பாடும் செய்தேன். ஏழு மணிக்குள் அவர் வாளி வைக்காவிட்டால் அவர் பெயரில் அதுவே வைத்துவிடும். அவர், "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். நான் சொல்லவில்லை. எப்படியோ அடுத்த வாரமே வேறு ஒருவர் தனியாகக் கேட்டார். அவரும் யாரிடமும் சொல்லாதே என்றார். அதன் பிறகு இன்னும் பலர் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி காட்டிய விவரங்களின்படி, ஓரின் நிலவறைப் படிகளில் இரண்டு பலகைகளைப் புதிதாகப் போடுவதற்காகக் கழற்றியிருக்கிறார். அந்த இடைவெளியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. மார்ச் 5ஆம் தேதிச் செய்தித்தாள் சமையலறை மேசையில் விரித்தபடி இருந்தது. 6ஆம் தேதி முதல் வந்த தாள்கள் வாசலிலேயே கிடந்தன. போன் மேலே சார்ஜில் இருந்தது. என் கணினிப் பதிவின்படி, 5ஆம் தேதி காலை 6:41க்கு ஓரின் தன் கையால் வாளி வைத்தார். 6ஆம் தேதி முதல் இன்று வரை பதின்மூன்று வாளிகளை என் கணினி வைத்தது. டிசம்பரில் தவறிய அந்த ஒரு நாளுக்குப் பிறகு, இந்த மார்ச் 5ஆம் தேதி வரை ஒரு நாள்கூட அவர் தவறியதில்லை. என் ஏற்பாடு இல்லாதிருந்தால் 6ஆம் தேதி காலை ஏழு மணிக்கு அவர் சாம்பலாகியிருப்பார். ஏழரைக்குள் பத்தொன்பது பேர் போன் செய்திருப்பார்கள். யாராவது வந்து கதவைத் தட்டியிருப்பார்கள்.

அரிசோனாவில் இருக்கும் ஓரினின் தங்கை மேவிஸை அதிகாரி என் முன்னிலையில் போனில் அழைத்து, இந்தத் தேதிகளைச் சொன்னார். அவர், "தினம் எழுந்ததும் அந்தப் பக்கத்தத் தொறந்து பாப்பேன். வாளி இருக்கும். அண்ணன் நல்லாத்தான் இருக்கான்னு காபி போடப் போயிடுவேன். நான் போன் பண்ணாலும், 'வாளியப் பாக்கலியா, அப்புறம் என்ன?'ன்னு வச்சுடுவான்" என்றார். அதன் பிறகு, "அப்போ அத வச்சது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "பதிமூணு நாளுமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. போனை வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை; நானாகச் சொல்கிறேன். மார்ச் 7ஆம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்தேகால் மணியளவில் வேலை முடிந்து ஓரினின் தெரு வழியாகக் காரில் போனேன். வாசலில் நீல வாளி தொங்கியது. படியில் பிளாஸ்டிக் உறையோடு இரண்டு செய்தித்தாள்கள் கிடந்தன. வேலை மும்முரத்தில் மனிதர் பேப்பரைக்கூட எடுக்கவில்லை என்று நினைத்துச் சிரித்தேன். இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனேன். ஓரின் மறுநாள் வெள்ளிக்கிழமை வரை உயிரோடு இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக அதிகாரி சொல்கிறார். நிலவறைக்குத் தெருவை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. ஹாரன் சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமா என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன் பிறகு, என் கணினி யார் யார் பெயரில் வாளி வைக்கிறது என்ற பட்டியலை அதிகாரியின் முன்னிலையில் என் போன் வழியாகத் திறந்தேன். இருநூற்று நாற்பது பேரில் நூற்று எண்பத்தாறு பெயர்கள் அதில் இருந்தன. இத்தனை என்று நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. பிப்ரவரியில் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது என் பெயரையும் சேர்த்திருந்தேன். இன்று காலை என் பெயரில் வந்த வாளியையும் நான் வைக்கவில்லை. அதிகாரி, "இவங்கள்ல எத்தன பேர் நல்லா இருக்காங்க மேடம்?" என்று கேட்டார்.

மதியம் 2:40க்கு அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். அவர்கள் அனைவரையும் நேரில் போய்ப் பார்க்க ஆள் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். முகவரி கொடுங்கள் என்றார்கள். ஒரு சிலருடையதைத் தவிர மற்றவர்களுடைய முகவரி என்னிடம் இல்லை. வாசலில் நீல வாளி தொங்கும் என்பது மட்டும் தெரியும்.

மேலே எழுதியதை அதிகாரி எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. 'ஹாரன் அடித்துவிட்டுப் போனேன்' என்ற இடத்தில், 'விவரம் தெரியாமல்' என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் சொன்னதெல்லாம் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னா பிலார்ஸ்கி
18-3-2024, மாலை 4:05