வாசிகசாலைச் சுவரில் ஒரு கிணறு

— கரடி எங்கை பிள்ளை?

— எந்தக் கரடி ஐயா?

— வெள்ளைக் கரடி! காலநிலை மாற்றம் எண்டு காசு தந்த நிறுவனம், கீறச்சொல்லி ஒரு மாதிரிப் படமும் தந்ததெல்லோ? ஐஸ் உருக உருகக் கரடி தனிய நிக்குது. நீர் எங்கடை வாசிகசாலைச் சுவரிலை கிணத்தையெல்லோ கீறி வைச்சிருக்கிறீர்!

— அரியாலையிலை ஆர் ஐயா கரடியைக் கண்டது? நாலு பள்ளிக்கூடத்திலை கரடி கீறிப்போட்டன். சனம் 'ஐயோ பாவம்' எண்டிட்டுப் போகுது. எனக்கு அலுத்துப்போச்சு.

— அலுத்தா வீட்டை போய்ப் படும். வாசிகசாலைச் செயலாளர் நான், கண்டீரோ? உதுக்கு மேலை வெள்ளையைப் பூசும்.

— மூண்டு நாள் வெயிலிலை நிண்டு கீறினது! கடல் ஏறுது, கிணத்துத் தண்ணி உப்பாகுது. எங்கடை சனத்துக்கு இதைவிட விளக்கமா எப்பிடிச் சொல்லுறது?

— விளக்கம் கூடிப்போச்சு! கருகின வாழை. கிணத்துக்கட்டிலை வெள்ளை வெள்ளையா உப்பு. பவுசர் வண்டியிலை வாற தண்ணியைப் பிடிச்சு வைக்கிற நீலப் பிளாஸ்ரிக் பரல்…

— எல்லாம் கற்பனை ஐயா.

— அப்ப கீழை 'கற்பனை' எண்டு பெரிசா எழுதும்.

— எழுதமாட்டன். ஏன் இப்பிடிப் பதறுறியள்?

— ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகினம். என்ரை மகள் கீர்த்திகாவுக்குச் சீதனமா எழுதுற வீடுவளவைப் பாக்க. இந்தச் சந்தியாலைதான் வரவேணும். கொக்குவில் ஆக்கள், நல்ல தண்ணியிலை வளந்தவை.

— வரட்டுமன். என்ரை படத்துக்கும் உங்கடை வளவுக்கும் என்ன?

— நடிக்காதையும்! பரலுக்கு மேலை போட்ட சாக்குக்கூட அப்பிடியே கிடக்கு. என்ரை மனிசி அதைக் குசினிக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சு ரண்டு வருசம். அயலட்டைக்கும் தெரியாது. பெத்த பிள்ளையின்ரை வாழ்க்கை இது. எங்கடை கிணறு உப்பாப் போனதை உமக்கு ஆர் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கடை வளவுப் பக்கமே நான் வரேல்லை.

— ஆரோ போட்டுக்குடுத்திருக்கினம். ஆளின்ரை பேரைச் சொல்லும்!

— எத்தினை பேரின்ரை பேரைச் சொல்ல? காலமை துவங்கி நீங்கள் ஆறாவது ஆள் ஐயா. ஆறு பேரும் இது தங்கடை கிணறு எண்டுதான் என்னோடை சண்டைக்கு வந்தவை.