ஆள் இல்லாத ஊர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. ஊர்ப் பட்டியலைப் புதிதாக எழுதும் வேலை என்னிடம் வந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

மொத்தம் நூற்றுப் பதினான்கு ஊர்கள். ஒன்றில் மட்டும்தான் சிக்கல். ஆற்றின் வளைவில் ஒன்பது வீடுகள், இருபத்து மூன்று பேர். தனி ஊராக வைக்க ஆள் போதாது, பக்கத்து ஊரோடு சேர்க்க வேண்டும். கிழக்கே இருந்த ஊர்த் தலைவர் அதை மேற்கே தள்ளினார், மேற்கே இருந்தவர் கிழக்கே தள்ளினார். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

அங்கிருந்து எங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தது தையல்காரம்மா ஒருவர்தான். பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தத் தலைவரும் கையெழுத்துப் போடவில்லை.

"நாங்க எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடுங்க தம்பி. அந்தப் பக்கமே போய் நின்னுக்கறோம்."

"இன்னும் முடிவாகலைம்மா. அடுத்த மாசம் வந்து பாருங்க."

"பிள்ளை ஓடவே ஆரம்பிச்சிட்டான். நீங்க இன்னும் பொறக்கலைங்கறீங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மனுஷி.

பட்டியல் போக வேண்டிய கடைசி நாளில் அதிகாரி என் மேசைக்கே வந்து நின்றார். திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த ஊருக்கு நேரே 'குடியிருப்பு இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகும் அந்த அம்மா வந்தார். முடிவாகவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மனம் நோகக் கூடாது, பாருங்கள்.

அணை திறக்கப்போகிறார்கள் என்ற தகவல் வந்தது ஒரு நாள் காலை பத்து மணிக்கு. தண்ணீர் வந்து சேர நான்கு மணி நேரம் ஆகும். ஆற்றோரத்து ஆட்களை ஏற்றிவர லாரிகள் நின்றன. எந்தெந்த ஊர் என்று ஓட்டுநர்களுக்கு வாசித்துச் சொன்னது நான்தான்.

ஒரு ஓட்டுநர் கேட்டார். "வளைவுல ஒம்பது வீடு இருக்குமே சார்?"

அதிகாரி பக்கத்திலேயே இருந்தார். ஆமாம் என்றால், இல்லை என்று எழுதியது யார் என்று கேட்பார்.

"அவங்க எப்பவோ காலி பண்ணிட்டாங்க" என்றேன்.

ஓட்டுநர் நம்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வராந்தாவுக்கு வந்தால், பெஞ்சில் தையல்காரம்மா. அன்றைக்கென்று பேரனையும் மடியில் வைத்திருந்தார்.

"லாரியெல்லாம் போகுதே தம்பி. எங்களுக்கும் உண்டா?"

அவர் அங்கே இருந்தால் அதிகாரி கண்ணில் படுவார். எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், என் வேலை போய்விடும்.

"உங்க பக்கம் பயமில்லைம்மா. மழை வலுக்கறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க."

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

இருபத்து நான்கு உடல்கள் என்று சொன்னீர்கள். சரிதான், என் கணக்கில் அந்தக் குழந்தை இல்லை. எல்லாம் தெரிந்துதான் அனுப்பினேன், மறுக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் நனையக் கூடாது என்று, பஸ் ஏறும்வரை கூடவே போய்க் குடை பிடித்தவன் நான். அந்த அலுவலகத்தில் வேறு யாரும் அவர்களுக்கு அவ்வளவு செய்திருக்க மாட்டார்கள்.