சாவு விழாத லைன்

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவுக்குச் சம்பான் படகில் போகும்போதெல்லாம் நான் குடை பிடித்துக்கொள்வேன். ஆற்று வெயில் எனக்கு ஆகாது, உடனே தலைவலி வந்துவிடும். படகுக்காரன் அமீர் அலி 'குடைக்கார வாத்தியார்' என்று அடையாளம் சொன்னானாமே, இன்ஸ்பெக்டர் ஐயா. சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அந்த ஆள் நான்தான்.

ரங்கூனில் ஒரு வணிகப் பள்ளியில் பாடம் சொல்கிறேன். என்னோடு இருப்பவர்கள் அரிசி விலையையும் கப்பல் கூலியையும் ஆராய்ந்துகொண்டே கிழவர்களாகிவிடுவார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. சனங்களின் பழக்கவழக்கம் ஒரு தொழிலை எப்படி நடத்துகிறது, எப்படி நிறுத்துகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. துரைமார் கூலிக்காரனின் கையைப் பார்க்கிறார்கள், நான் அவன் மனசைப் பார்க்கிறேன் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

ரங்கூனிலேயே க்யிம்யிண்டைங் பேட்டையில் உள்ள அரிசி ஆலை முதலாளி என்னைக் கூப்பிட்டது அதனால்தான். அறுவடைக்குப் பின் நெல் வந்து குவிகிற சமயத்திலேயே அவருடைய ஆலை அடிக்கடி நின்றுபோனது. ஆலைக்குப் பின்னால் கூலி லைனில் இருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள். சாவு விழுந்த தெருவில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது என்பது உங்களுக்குத் தெரியும். லைனிலோ வீட்டுக்கு வீடு மூங்கில் தட்டிதான் சுவர். அதனால் மொத்த லைனும் ஒரே வீட்டுக் கணக்கு. யாராவது ஒருவர் கண்ணை மூடினால் அத்தனை பேரும் பட்டினி கிடப்பார்கள், கூடவே சுடுகாட்டுக்குப் போவார்கள், தலை முழுகிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அந்த வருஷம் காய்ச்சல் வேறு. கப்பல்கள் ஆற்றில் காத்துக் கிடந்தன.

எனக்கு முன்னால் மேனேஜர் அபராதம் போட்டுப் பார்த்திருக்கிறார், மேஸ்திரியை விட்டு அடித்தும் பார்த்திருக்கிறார். பாதிப் பேர் ஓடிப்போனார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு சமூகத்தின் வழக்கத்தில் கைவைக்க இவர்கள் யார்? நான் லைனில் உட்கார்ந்து, எல்லாரையும் விசாரித்து, அந்த வழக்கத்தை உள்ளபடி தெரிந்துகொண்டேன். லைனுக்குள் உயிர் போனால்தான் எல்லா அடுப்பும் அணைகிறது. வெளியே எங்கோ போனால் சொந்தக்காரர்கள் மட்டும் தலை முழுகுகிறார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

டாலாவில் வயலுக்கு நடுவே முதலாளிக்கு ஒரு பழைய நெல் கிடங்கு இருந்தது. நல்ல தேக்குப் பலகை. அதை நோயாளிகள் தங்கும் இடமாக்கச் சொன்னேன். முதலில், பிழைக்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்களை மட்டும் அங்கே அனுப்பினோம். யார் பிழைப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம் என்பது பிறகுதான் புரிந்தது. அதனால் உடம்பு சுட்டாலே அனுப்பினோம். கஞ்சிக்கும் தண்ணீருக்கும் ஒரு காவலாள் இருந்தான். வைத்தியர் வைப்பது என் ஆராய்ச்சிக்குள் வரவில்லை.

அங்கே இறந்தவர்களை அங்கேயே எரித்தோம். லைனில் சொன்னால் ஒருத்தி அழுவாள், அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் நாலு பேர் அழுவார்கள். அதனால், குணமாகி ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்று மேஸ்திரியை விட்டுச் சொல்லவைத்தேன். சந்தோஷப்பட்டார்கள். அதன்பின் ஆலை நிற்கவே இல்லை. நகரத்துக்குள் கியாக்டடாவில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிய என் கட்டுரையை வாசித்தேன். வியாபாரப் படிப்பு இப்போதுதான் மனிதர்களைத் திரும்பிப் பார்க்கிறது என்று தலைவர் பாராட்டினார். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

நெல் காயப்போடும் பவுனம்மாளின் புருஷன் சின்னத்தம்பியையும் அப்படித்தான் அனுப்பினோம். அவன் உயிரோடு இருக்கும்போதே, கப்பல் ஏறிவிட்டான் என்று மேஸ்திரி முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். அவள் களத்தில் என்னை மறித்துக்கொண்டாள்.

"வாத்தியாரய்யா, எங்கிட்டச் சொல்லாம அவரு கப்பல் ஏற மாட்டாரு. உசிரோட இருந்தா நான் ஏன் பாக்கக் கூடாது? செத்துட்டாருன்னா நான் ஏன் அழக் கூடாது? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்புடுங்க."

கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நல்லா இருக்கான் அம்மா, ஊருக்குப் போகவில்லை, டாலாவில்தான் இருக்கிறான் என்றேன். அது பொய்யில்லை. மறுநாள் நான் போனபோது சின்னத்தம்பி கிடங்கு வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தான். தேறிவிட்டான்.

லைனுக்குப் போகவேண்டும் என்றான். போகலாம், ஆனால் இங்கே பார்த்ததை அங்கே சொல்லக் கூடாது என்றேன். செத்தவர்கள் பேரையெல்லாம் அவன் மனசிலேயே வைத்திருந்தான். ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"ஐயா, அவங்க பொஞ்சாதிமாருங்க இன்னும் பொட்டும் பூவுமா இருக்காளுங்க. அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படிய்யா வாயை மூடிக்கிட்டு இருக்கிறது?"

நிதானமாக எடுத்துச் சொன்னேன். இவ்வளவு சாவும் ஒரே நாளில் லைனுக்குள் வந்தால் எத்தனை நாள் அடுப்பு எரியாமல் கிடக்கும் என்று கேட்டேன். எரியாட்டிப் போகுது ஐயா என்றான். என் கட்டுரை அப்போது அச்சில் இருந்தது. அவனுக்கு அதெல்லாம் புரிய நியாயமில்லை.

இன்றைக்குச் சம்பான் இல்லை, உள்ளே போய்ப் படு என்றேன். மரியாதை தெரிந்தவன், போனான். எழுந்திருக்க முடியாத இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். கதவை வெளியே பூட்டினேன். இவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் வருகிறது என்று சொல்லிக் காவலாளை என்னோடு அழைத்துக்கொண்டேன்.

சம்பானில் ஏறும்போது அமீர் அலி காதைத் தீட்டிக்கொண்டு, "கதவு தட்டுற சத்தம் கேக்குதே, சாப்" என்றான். பலகை வெயிலில் வெடிக்கிறது என்றேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. வகுப்புகள் இருந்தன.

நேற்று நீங்கள் பூட்டை உடைத்துப் பார்த்ததை விவரிக்க வேண்டாம், எனக்கு அதெல்லாம் தாங்காது. பூட்டியது நான். அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துதான் பூட்டினேன். திறக்க எவ்வளவோ அவகாசம் இருந்தது, திறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பவுனம்மாளுக்கு அவன் உடம்பைக் காட்டத்தான் வேண்டுமென்றால் அவளை டாலாவுக்கு அழைத்துப் போங்கள். லைனுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாவம், அத்தனை பேரும் பட்டினி கிடப்பார்கள்.