பூம் படுத்தால் கூவாத பெட்டி

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. அடியில் ஒரு அட்டையை மடித்து வைக்க இங்கே ஆளில்லை. என்னிடம் உண்மையைக் கறக்க மட்டும் இத்தனை பேர். சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கிரேன் ஓட்டியவன். படிப்பு கையெழுத்துப் போடும் அளவுக்கு. பூம் என்கிற நீளக் கையில் பாரம் கிளம்பும்போது வண்டி முனகுவதை வைத்தே தாங்குமா தாங்காதா என்று சொல்வேன். தப்பாகிப்போனதும் உண்டு, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மகளைக் கட்டியவர் கம்ப்யூட்டர்காரர். அவருடைய கம்பெனிதான் எங்கள் கிரேனில் பெட்டியை மாட்டியது. பாரம் மீறினால் கூவும், வண்டியை நிறுத்தும். கூவுகிற பெட்டி இருக்கும்போது கிழவன் எதற்கு? கூலிங்கிளாஸ் போட்ட ஒருவனை மேலே ஏற்றிவிட்டு, என்னைக் கீழே நின்று கைஜாடை காட்டச் சொன்னார்கள்.

அவனிடம் முதல் நாளே சொன்னேன். "இந்தா பாரு, என் கையை மட்டும் பாரு. வேற எவன் கையை ஆட்டினாலும் உனக்குக் கண்ணு கிடையாது."

"அதுக்குத்தானே பெரியவரே கூலிங்கிளாஸ்" என்று பல்லிளித்தான்.

ஒரு வண்டிக்கு ஒரு கை என்பது தொழில் முறை. நிறுத்தச் சொல்லி யார் காட்டினாலும் நிற்க வேண்டும் என்பதும் முறைதான். அதை நான் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை முகம் செத்துப்போய் வந்தார்.

"மாமா, பெட்டியில ஒரு தப்பு. பூமை முழுசா படுக்க வெச்சா அது கூவாது."

"ஏன், அதுவும் படுத்துத் தூங்கிடுமா?"

"எட்டுற தூரத்தை பூமோட நீளத்தால வகுக்கறோம். பூம் படுத்தா விடை சரியா ஒண்ணு, அதைத் தாண்டவே கூடாது. ஆனா கம்ப்யூட்டர் தசமத்தை எங்கேயோ வெட்டுறதுல ஒரு பொட்டு தாண்டிடுது. தாண்டினா, கோணம் கண்டுபிடிக்கிற ஃபங்ஷன் நம்பரே இல்லாத எதையோ குடுக்குது. அதை வெச்சு பாரம் மீறிடுச்சான்னு கேட்டா, எப்பவும் இல்லைன்னுதான் பதில் வரும்."

"யார் எழுதினது?"

"நான்தான் மாமா."

இத்தனை பட்டம் வாங்கியவருக்கு ஒன்றை ஒன்று என்று எண்ணத் தெரியவில்லை.

"ஆபீஸ்ல இன்னிக்கு யாரும் போனை எடுக்கல. நாளைக்கு நானே வந்து மாத்திடறேன். அதுவரைக்கும் பூமைப் படுக்க வைக்க வேண்டாம்னு டிரைவர்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் மாப்பிள்ளை. நீங்க சாப்பிடுங்க."

சொல்லவில்லை.

மறுநாள் காலை யார்டின் கோடியில் கிடந்த இரும்பு உத்தரத்தை எடுக்க வேண்டியிருந்தது. வண்டியைக் கிட்டே கொண்டுபோய் எடுப்பதுதான் வழக்கம். நான் வண்டியை நின்ற இடத்திலேயே விட்டு, பூமை நீட்டு, படுக்க வை என்று காட்டினேன். அத்தனை தூரத்தில் அந்தப் பாரம் தாங்காது, வண்டி கொஞ்சம் பின்பக்கம் தூக்கும், பெட்டி ஊமையாக இருக்கும், முதலாளி பார்ப்பார். அவ்வளவுதான் என் நினைப்பு. யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆள் நான் இல்லை.

மாப்பிள்ளை அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்தார். பூம் படுத்திருப்பதைக் கண்டதும் லேப்டாப் பையைப் போட்டுவிட்டு நேரே அதன் அடியில் ஓடிவந்தார். படித்தவர் நிற்கிற இடமா அது. இரண்டு கைகளையும் வீசி, "நிறுத்துப்பா, நிறுத்து" என்று கத்தினார்.

கூலிங்கிளாஸ்காரன் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நல்ல பையன், சொன்னதை மறக்கவில்லை. என் ஆள்காட்டி விரல் மேல்நோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது: தூக்கு. விரல்களை மூடினால் எல்லாம் நிற்க வேண்டும். மூடுவதற்கு நேரம் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி "மாமா" என்று கூப்பிடுகிற அளவுக்கு நேரம் இருந்தது.

பின்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. பெட்டியில் பச்சை விளக்குதான் எரிந்தது.

பெட்டியின் பிழையால் வண்டி கவிழ்ந்து, பூமுக்கு அடியில் போனார் என்று மகளிடம் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் விரலை மூடியிருந்தால் வண்டி நின்றிருக்கும், அவரும் இருந்திருப்பார். ஆனால் என் கையை யார் கவனித்திருப்பார்கள்? பெட்டிதான் நிறுத்தியது என்றல்லவா எல்லோரும் பேசியிருப்பார்கள்.