பத்தாத சட்டை

படிக்கட்டுப் பக்கம் போகாதலே சுடலை. ஆரன் அடிச்சா அடிச்சிட்டுக் கெடக்கட்டும், உனக்கென்ன? இங்கன பாய்ல வந்து உக்காரு. மத்த பிள்ளைங்கல்லாம் அப்பவே போயாச்சு. ஆமா, உன்னைய மட்டும்தான் இருக்கச் சொன்னேன். தப்பு ஒண்ணும் பண்ணல நீ. உக்காரு.

கீழ நிக்கது யாரு வேனா? சொல்லுதேன். பொய் சொல்ல மாட்டேன், ஆனா உடனே சொல்லவும் மாட்டேன். மொதல்ல நீ காலையில கேட்டதுக்குப் பதில் சொல்லணும். புதுச்சட்டையா இது? யாரு எடுத்தா? அம்மாவா. ம். நல்லாருக்கு.

காலையில உன்னைக் கத்திட்டேன்ல. கத்தலையா? எல்லாரு முன்னாடியும் வாயை மூடுலேன்னேனே, அதுக்குப் பேரு என்ன, பாட்டா? நான் பாட்டுக்குக் கதை சொல்லிட்டிருந்தேன். பைபிள்ல வார அந்தம்மா நேந்துகிட்டுப் பெத்த பிள்ளையக் கோயில்ல கொண்டுபோய் விட்டுட்டு ஊருக்குப் போயிருதாங்க, வருசத்துக்கு ஒருதடவ ஒரு சின்னச் சட்டை தச்சு எடுத்துட்டு வந்து பாக்காங்க. அவ்வளவுதான் கதை. எல்லா ஊரு சண்டே கிளாஸ்லயும் சொல்லுறதுதான். நீதான் கையத் தூக்கி, வருசத்துக்கு ஒருதடவ பாத்தா அளவு எப்படித் தெரியும்னு கேட்ட. டெய்லரம்மா மவன், வேற என்னத்தக் கேப்ப? பிள்ளைங்கல்லாம் சிரிச்சிருச்சு. ஒருத்தன், மீடியம் சைஸ் எடுத்திருப்பாங்கடான்னான்.

எனக்குச் சிரிப்பு வரல.

சார்னு கூப்பிடாத, எத்தனவாட்டி சொல்ல? அண்ணேன்னு சொல்லு. பத்தாவதுல கணக்குல பெயிலாப் போயி, அதோட பள்ளிக்கூடப் பக்கமே எட்டிப் பாக்காதவன் நான். செக்கிங் டேபிள்ல நின்னு, பனியன்ல ஓட்டை இருக்கா கறை இருக்கான்னு பாக்கதுதான் வேலை. பாஸ்டர் சொல்லுவாரு, தங்கதுரை, பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கது ஊழியம்ப்பா, ஆண்டவர் உன்னை அழைச்சிருக்காருன்னு. இருக்கலாம். எனக்கு ஒரு குரலும் கேக்கல. ஞாயித்துக்கிழமையானா ரூம்ல எல்லாரும் துணியத் தொவச்சுக் காயப்போட்டுட்டு, வீட்டுக்குப் போன் போட்டு இன்னைக்கு என்ன குழம்புன்னு கேப்பானுவ. நான் யாருக்குப் போட? அதான் இங்க வந்தேன். நீங்கல்லாம் கீழ செருப்பை உதறிட்டு மாடிப்படியில தடதடன்னு ஓடி வருவீங்கல்ல, அந்தச் சத்தம். எனக்கு அழைப்புன்னா அதுதான். பாஸ்டர்ட்ட சொல்லிராத.

மறுபடியும் ஆரன். அடிக்கட்டும்.

இந்தா, பிஸ்கட். பாக்கெட்டே உனக்குத்தான். எனக்கு வேண்டாம். சரி, ஒண்ணு குடு.

நானும் உன் வயசுதான் இருப்பேன். எங்கம்மை என்னைத் தூக்கிட்டுச் சாத்தான்குளத்துலருந்து இந்த ஊருக்கு வந்தா. எங்கப்பாவா? அது வேற கதை, நல்லாருக்காது. உங்கம்மா மாதிரியே ஒன்றரை ஷிப்டு. காலையில போனா ராத்திரிதான். இதே நல்லூர்ல ஒரு காம்பவுண்டு வீடு. என்னை உள்ள விட்டு வெளிய பூட்டிட்டுப் போயிருவா. உங்க வீட்டுலயும் அப்படித்தானா? தெரியும், அதான் கேட்டேன்.

ஒருநாளு எனக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டு, சர்க்கஸ் பாக்கப் போறலேன்னு சொல்லி ஒரு வேன்ல ஏத்திவிட்டாங்க. ஜன்னல் சீட்டுதான் வேணும்னு நான் ஒரே அடம். எங்கம்மைக்குக் கைகூடக் காட்டல, அவ்வளவு அவசரம்.

சர்க்கஸா? அதெல்லாம் இல்ல. ஹாஸ்டல்.

மோசம்னு சொல்ல மாட்டேன். சோறு நல்லாப் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை கறி. யாரும் அடிக்கல. அது இல்லன்னா நான் பத்தாவது வரைக்கும்கூட வந்திருக்க மாட்டேன். ஆனா சாயங்காலமானா கேட்டுப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, சர்க்கஸ் எப்ப ஆரம்பிப்பாங்கன்னு கேப்பேன். பெரிய பையம்மாரு எனக்குப் பேரே சர்க்கஸ்னு வச்சிட்டானுவ. சிரிக்கியா? சிரி, சிரி.

கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் எங்கம்மை வருவா, சட்டை எடுத்துட்டு. பத்தாது. அவ வேலை பாத்தது வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு டி-சர்ட் தைக்கிற கம்பெனி, தெரியுமா? எந்த வயசுக்கு எவ்வளவு நீளம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. எனக்கு எடுத்துட்டு வாரது மட்டும் பத்தவே பத்தாது. தலை நுழைஞ்சா கை நுழையாது. அவ கண்ணுல நான் அந்த வேன்ல ஏறுன உசரத்துலயே நின்னுட்டேன்போல. அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு மூச்சை இழுத்துப் பிடிச்சிட்டு அந்தச் சட்டையோட நிப்பேன். அப்புறம் ஒரு வருசம் வரல. அடுத்த வருசமும் வரல. இப்ப அவிநாசிப் பக்கம் இருக்காளாம். வேற வீடு, வேற பிள்ளைங்க. பஸ் ஏறினா போயிரலாம். நான் போய்ப் பாக்கல.

அதான்லே பதில். அந்தம்மாவுக்கு அளவு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. எங்கம்மைக்குத் தெரியல. அந்தப் பிள்ளை ராத்திரி அழுதானான்னும் கதையில இல்ல. சட்டை பத்துச்சான்னும் இல்ல. நான் எப்பவும் அந்த எடம் வந்தா வேகமாத் தாண்டிப் போயிருவேன். நீ தாண்ட விடல.

என்ன, சட்டையத் தொட்டுப் பாக்க?

ஆமா. அந்த மாதிரி வேன்தான் கீழ நிக்கது. வெள்ளகோவில் பக்கம் ஒரு ஹாஸ்டல். நீ தண்ணி குடிக்கப் போயிருந்தப்ப டிரைவர் வெள்ளியங்கிரி அண்ணன் மேல வந்து, ஏனுங் தம்பி, பையன் ரெடிங்களான்னாரு. இல்லீங்க, இப்ப அனுப்ப முடியாதுங்கன்னேன். அதான் கீழ நின்னு பாஸ்டருக்குப் போன் போட்டுட்டு, எனக்கு ஆரன் அடிக்காரு.

அழாத. போகவே வேண்டாம்னு நான் சொல்ல முடியாதுலே. போக வேண்டியதுதானோ என்னவோ. நாள் பூரா பூட்டின வீட்டுக்குள்ள எத்தன வருசம் இருப்ப? உங்கம்மா கெட்டவங்க இல்ல. பாஸ்டரும் கெட்டவரு இல்ல, எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவருதான். இந்த ரூம் சாவியக் குடுத்ததும் அவருதான். அடுத்த ஞாயிறு இது என்ட்ட இருக்காது. பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். இதை விட்டா எனக்கு ஒண்ணும் கெடையாது.

உங்கம்மாவுக்கு ஞாயித்துக்கிழமையும் ஷிப்டாம்ல, கம்பெனிக்கே போன் போட்டேன். அவன் மூஞ்சியப் பாத்து நான் எப்படித் தம்பி சொல்லுவேன்னு அழுதாங்க. நீங்கதான் சொல்லணும்க்கா, வாங்கன்னேன். பெர்மிஷன் கேட்டுட்டு வந்துட்டிருக்காங்க. எங்க, எதுக்கு, எப்ப வந்து பாப்பேன்னு அவங்க வாயால சொல்லட்டும். நீ ஏறு, இல்ல உருண்டு அழு, கடி, என்னமும் செய்யி. ஏறுறதா இருந்தா, கடைசியா உன்னை நிக்க வச்சு ஒருதடவ அளவு எடுத்துக்கிடச் சொல்லு. கையைக் காட்டிட்டுப் போ.

இன்னொண்ணு எடுத்துக்கோ. பாஸ்டர் குடுத்த காசுலதான் வாங்கினேன். பிஸ்கட்டக் கையில குடுத்து, பிக்னிக் போறலேன்னு சிரிச்சுக்கிட்டே ஏத்திவிடு தங்கதுரை, நீ சொன்னா அந்தப் பிள்ளை நம்பும்னாரு.

நம்பியிருப்பதான?

அதான் சொல்லல.