பக்கெட்டில் இருக்கும் ஆண் புழு

"பெருசு பெருசா பொறுக்கித்தான புழு தந்தேன், மேடம். அதுல என்ன குறை?"

அந்தமானில், லாங் ஐலண்ட் படகுத்துறையில் போர்ட் பிளேர் படகுக்கு டிக்கெட் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவி, கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி. கேட்டவர் அவளை வழியனுப்ப வந்த வனக்காவலர். நாய் துரத்திச் செத்த புள்ளிமானை அன்று காலை இருவரும் அறுத்து, வயிற்றிலிருந்த புழுக்களை எடுத்திருக்கிறார்கள்.

"குறையில்ல அண்ணா. இப்பதான் லென்ஸ் வச்சுப் பார்த்தேன், எல்லாமே பொம்பளப் புழு."

"பொம்பளன்னா புழு இல்லையா?"

"ஆம்பளயோட வால் நுனியப் பார்த்தாதான் என்ன புழுன்னு உறுதியாச் சொல்லலாம். அது சின்னதா இருக்கும். உங்க ஆடு சாகுறதும் இதே புழுவாலயான்னு கேட்டீங்கள்ல? பேர் தெரியாம என்ன சொல்ல?"

"நூல் மாதிரி கொஞ்சம் கிடந்துச்சே, அதா?"

"அதேதான். எங்க போட்டீங்க?"

"இதையா போய் மேடத்துக்குக் குடுக்கிறதுன்னு விட்டுட்டேன். தட்டு கழுவுன தண்ணியோட வீட்டு வாசல்ல பக்கெட்ல கிடக்கு."

"வீட்ல யாரும் ஊத்திட மாட்டாங்களே?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார். "டவர் இல்ல. வீட்டுக்காரி கத்தரிச் செடிக்குத் தண்ணி விடுற நேரம் வேற."

"ஜல்தி போலோ, மேடம்," என்று அவசரப்படுத்தினார் கவுண்டர்க்காரர்.

"கல் கா தேதோ, பையா."

நாளைய டிக்கெட்டோடு அவள் திரும்பியபோது, வனக்காவலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.