லீவு எடுக்காத காசாளர்

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் என்னோடு பத்தொன்பது பேர் நின்றோம். எழுந்து இடம் தர ஒருவருமில்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்களும் ஒரே மீனவர் சங்கத்தில் வேலை செய்கிறவர்கள். மூத்தவள் காசாளர். கணக்குப் பரிசோதிக்கும் இளையவள், மோசடி பற்றிய வகுப்பொன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள்.

"லீவே எடுக்காத ஆளைத்தான் முதல்ல பாக்கச் சொல்லுறாங்க, அக்கா."

"ஏன், உழைக்கிறதும் குற்றமா?"

"தான் இல்லாத நேரம் வேற ஆள் கணக்கைத் தொட்டா களவு வெளிய வந்திருமாம். அந்தப் பயத்திலதான் லீவு எடுக்கமாட்டாங்களாம்."

"அப்ப என்னைத்தான் சொல்லுறாய்."

"சிரிக்காதீங்க. காய்ச்சலோடயும் வேலைக்கு வந்தீங்க. தலவில அன்னம்மா கோயில் திருநாளுக்கும் போகல்ல."

"அன்னம்மா கோவிக்கமாட்டா."

"என்ட அம்மாட சேமிப்பும் உங்கட கையிலதான் இருக்கு. இந்த முறை திருநாளுக்குப் போங்க, அக்கா. ஒரு கிழமை நான் உங்கட கதிரையில இருக்கிறன்."

மூத்தவள் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"நீ போ, தங்கச்சி. என்ட பேரில ஒரு மெழுகுதிரி கொளுத்து."

"ஒண்டு போதுமா, அக்கா?"